நாயின் பாஷை

நாய் வளர்க்கும் வீடுகளிலே ஓயாத வாதம் ஒன்றுண்டு. ‘எங்கள் நாய்க்கு எல்லாம் விளங்கும், வாய்தான் இல்லை’ என்பார் ஒருவர். ‘அதெல்லாம் சோற்றுக்கு ஆட்டும் வால்’ என்பார் மற்றவர். இவ்வழக்கிற் சாட்சி சொல்லத் தக்க நாயொன்று 2019ஆம் ஆண்டு வரை ஐக்கிய அமெரிக்காவிலே வாழ்ந்தது.

தென் கரோலைனா மாநிலத்து ஸ்பார்ட்டன்பேர்க் நகரிலே ஜோன் பில்லி என்றொரு மனோதத்துவப் பேராசிரியர் இருந்தார். அவர் இளைப்பாறிய பின்னர், 2004ஆம் ஆண்டிலே, ‘சேஸர்’ என்னும் பெண் நாய்க்குட்டி அவர் வீட்டுக்கு வந்து சேர்ந்தது. செம்மறி ஆடுகளை மேய்க்கும் போர்டர் கொல்லி இனத்தது. நாள்தோறும் நாலைந்து மணித்தியாலம் பேராசிரியர் அதனோடு விளையாடியபடியே பாடம் நடத்தினார். ஒரு பொம்மையைக் காட்டிப் பெயரைப் பலமுறை சொல்லுவார், ஒளித்து வைப்பார், தேடி எடுத்துவரப் பணிப்பார். மூன்று ஆண்டுகளில் 1,022 பொருள்களின் பெயர்களைச் சேஸர் கற்றுக்கொண்டது. பேராசிரியருக்கோ அத்தனை பெயரும் நினைவில் நிற்கவில்லை. ஒவ்வொரு பொம்மையிலும் பெயரை மையினால் எழுதி வைத்துக்கொண்டாராம்!

எசமானின் கண்சாடையைப் பார்த்துத்தான் நாய் பொம்மையைத் தெரிகிறது என்று எவரும் ஐயுறாதபடி, பொம்மைகளை அவர் கண்ணுக்கு எட்டாத இடத்திலே பரப்பியும் பரீட்சித்தனர். இன்னொரு பரீட்சை அதனினும் சுவையானது. தெரிந்த பொம்மைகளின் நடுவே முன்பின் காணாத ஒன்றை வைத்து, கேட்டறியாத பெயரொன்றைச் சொன்னார்கள். மற்றவற்றின் பெயரெல்லாம் தெரியும். ஆதலால் இந்தப் புதுப் பெயர் அந்தப் புதுப் பொம்மைக்கே உரியதாதல் வேண்டும் என்று தெளிந்ததுபோல, சேஸர் அதனையே கவ்விவந்தது. நம் குழந்தைகளும் சொற்களை இவ்வாறு ஊகித்துக் கற்பதுண்டு.

எல்லா நாயும் சேஸர் ஆகிவிடாது. அத்தனை பொறுமை எல்லா எசமானருக்கும் இல்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். ஆனால் சாதாரண நாய்க்கும் உரிய வித்தை ஒன்று நமக்குப் பெரிதாகத் தோன்றுகிறது: அது நம் முகத்தைப் படிக்கிறது. ஹங்கேரி நாட்டு ஆராய்ச்சியாளர், மனிதர் கையில் வளர்ந்த ஓநாய்களையும் நாய்களையும் இறைச்சி எடுக்கப் பழக்கி, பின்பு அதனை எடுக்க முடியாதபடி செய்தனர். ஓநாய் தானே போராடிக்கொண்டிருந்தது. நாயோ விரைவிலே திரும்பிப் பின்னால் நின்றவரின் முகத்தைப் பார்த்தது. இது 2003ஆம் ஆண்டில் வெளியான செய்தி.

இத்துணை கூர்ந்து நம்மைப் படிக்கும் பிராணியை நாம் எவ்வளவு படித்திருக்கிறோம்?

செருப்பைக் கடித்த நாய் காதை மடக்கி, வாலை ஒடுக்கி, பார்வையைத் தாழ்த்தி நிற்கும். ‘தான் செய்த குற்றம் அதற்கே தெரிகிறது’ என்று இரண்டு அடி வைப்பது பல வீடுகளில் வழக்கம். அலெக்சாந்திரா ஹொரோவிட்ஸ் என்னும் அமெரிக்க ஆராய்ச்சியாளர் 2009ஆம் ஆண்டு இதனைச் சோதித்து எழுதினார். எசமான் நாய்க்குத் தின்பண்டம் ஒன்றைக் காட்டித் ‘தின்னாதே’ என்று கூறிவிட்டு வெளியே போவார். திரும்பி வந்ததும், ‘தின்றது’ என்றோ ‘தின்னவில்லை’ என்றோ அவருக்குச் சொல்லப்படும். அது எப்போதும் மெய்யாயிராது. ஏசப்பட்ட நாய்கள்தாம் அந்த முகத்தை மிகுதியும் காட்டின. அவற்றுள்ளும், யாதொன்றும் தின்னாமல் ஏச்சு வாங்கிய நாய்கள் இன்னும் அதிகமாய்க் காட்டின. ஆகவே அம்முகம் குற்றத்தை ஒப்புக்கொள்வதன்று. நம் சினத்தைக் கண்டு தணிந்து நிற்பது. காலையிற் கடித்த செருப்புக்கு மாலையில் அடி விழுந்தால், எதற்காக விழுந்ததென்று அந்தச் சீவனுக்கு எங்ஙனம் விளங்கும்?

இதனினும் ஆபத்தானது, உறுமுகின்ற நாயை அடித்து அடக்குவது. உறுமல் என்பது, ‘போதும், விலகு’ என்று நாய் கூறும் சொல். அடிக்கு அஞ்சி நாய் உறுமலை விட்டுவிடலாம். அதனால் அதன் அச்சம் நீங்கிவிடுவதில்லை. அடுத்த முறை எச்சரிக்கை எதுவுமின்றிப் பல் பதியும். கடிபடுவது சிறு குழந்தையாயின், பதியும் இடம் பெரும்பாலும் முகமாயிருக்கும்; குழந்தையின் முகம் நாயின் வாய்க்கு நேரே இருப்பதே காரணம்.

உறுமலுக்கு முன்னரே நாய் மெல்லிய குரலிற் பேசுகிறது என்றுகூடச் சொல்லலாம். உறக்கமில்லாத வேளையிலே கொட்டாவி விடும். உணவு எதுவுமின்றி உதட்டை நக்கும். தலையைத் திருப்பிக்கொள்ளும், கடைக்கண்ணில் வெள்ளை விழி தெரியும். உடல் விறைத்து நிற்க, வால் மட்டும் ஆடுவதும் உண்டு. அவ்வாட்டம் நட்பின் அடையாளமன்று. பிள்ளைகளுக்கு இவற்றைக் காட்டிக் கொடுப்பதற்குப் பாடப்புத்தகம் எதுவும் வேண்டியதில்லை. குழந்தை நாயைக் கட்டியணைத்தபடி எடுத்த புகைப்படம் ஒன்று வீட்டில் இருக்குமாயின், அதனைப் பிள்ளைகளோடு அமர்ந்து மறுபடியும் உற்றுப் பாருங்கள். குழந்தை சிரிக்கும், நாயின் முகம் எப்பக்கம் திரும்பியிருக்கிறது?