நடமாட்டத்தை உணரும் பீங்கான்

பேரங்காடியின் கழிவறைக்குள் நுழைந்ததும் விளக்கு தானாக எரிகிறது. சிறிது நேரம் அசையாமல் இருந்தால் அணைந்துவிடுகிறது. கையை ஆட்டினால் மீண்டும் எரிகிறது. கூரையில் பொருத்தியுள்ள வெள்ளைக் குமிழ் நம்மைப் படம் பிடிப்பதில்லை. நம் உடலிலிருந்து வரும் வெப்பக் கதிர்களை உணர்கிறது. ஆனால், அசையாமல் இருந்தபோதும் நம் உடலில் வெப்பம் இருந்ததே! பிறகு ஏன் விளக்கு அணைந்தது? விடை, அந்தக் குமிழுக்குள் இருக்கும் மிகச் சிறிய பீங்கான் துண்டில் இருக்கிறது.

எல்லாப் பொருள்களும் தம் வெப்பநிலைக்கு ஏற்ப அகச்சிவப்புக் கதிர்களை வெளியிடுகின்றன. மனித உடலிலிருந்து மிகுதியாக வெளிவரும் கதிர்களின் அலைநீளம் ஏறத்தாழ 10 மைக்ரோமீட்டர். நம் கண்ணுக்குத் தெரியும் ஒளியின் அலைநீளமோ 0.4 முதல் 0.7 மைக்ரோமீட்டர் வரைதான். எனவே, உடலின் கதிர்களைக் கண் காண்பதில்லை. சாதாரணக் கண்ணாடியும் அவற்றைக் கடக்க விடுவதில்லை. அதனால்தான் உணரியின் குமிழ் மெல்லிய பிளாஸ்டிக்கால் செய்யப்படுகிறது. மூடிய கண்ணாடிக் கதவுக்கு அப்பால் நின்று கையை ஆட்டினால் இந்த வகை உணரி நம்மைப் பொருட்படுத்தாது.

சில படிகங்களுக்கு ஒரு வியப்பான பண்பு உண்டு. அவற்றின் ஒரு முகத்தில் நேர் மின்னேற்றமும் எதிர் முகத்தில் எதிர் மின்னேற்றமும் இயற்கையாகவே அமைந்திருக்கும். வெப்பநிலை மாறும்போது இந்த மின்னேற்றத்தின் அளவும் மாறும். மாறும் அந்தக் கணத்தில் கம்பியின் வழியே சிறு மின்னோட்டம் பாயும். வெப்பநிலை மாறாமல் நின்றுவிட்டால் மின்னோட்டமும் நின்றுவிடும். அசையாத மனிதரை உணரி மறந்துவிடுவதற்கு இதுவே காரணம். அதற்குத் தெரிவது வெப்பமன்று, வெப்பத்தில் ஏற்படும் மாற்றம்.

இந்தப் பண்பு ஐரோப்பியரின் கவனத்தை ஈர்த்த கதையில் இலங்கைக்கும் இடமுண்டு. 18-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் டச்சு வணிகர்கள் இலங்கையிலிருந்து டூர்மலின் என்னும் மணிக்கல்லைக் கொண்டு சென்றனர். அதன் பெயரே சிங்களச் சொல்லிலிருந்து வந்ததுதான். சூடாக்கினால் அந்தக் கல் சாம்பலை இழுத்துக்கொண்டது. அதனால் டச்சுக்காரர்கள் அதற்குச் 'சாம்பல் இழுப்பான்' என்று பெயரிட்டனர். இழுப்பதற்குக் காரணம் மின்னேற்றமே என்பதை 1756-ஆம் ஆண்டு ஏபினஸ் என்னும் ஜெர்மானிய அறிஞர் விளக்கினார். 1824-ஆம் ஆண்டு டேவிட் புரூஸ்டர் இதற்குப் 'பைரோமின் விளைவு' எனப் பெயர் சூட்டினார். கிரேக்க மொழியில் 'பைர்' என்றால் நெருப்பு.

இன்றைய உணரிக்குள் பெரும்பாலும் இரண்டு பைரோமின் துண்டுகள் எதிரெதிராக இணைக்கப்பட்டிருக்கும். அறை முழுவதும் மெல்லச் சூடானால் இரண்டும் ஒரே அளவு மின்னேற்றம் தரும். ஒன்றை மற்றொன்று நீக்கிவிடும். ஒருவர் குறுக்கே நடந்தால் அவரது வெப்பம் முதலில் ஒன்றின் மீதும் பிறகு மற்றொன்றின் மீதும் படும். அப்போதுதான் சமநிலை குலைந்து விளக்குக்கு ஆணை செல்லும். எளிய ஏற்பாடு, ஆனால் மிகவும் கெட்டிக்காரத்தனமானது.

நம்மைப் போன்ற வெப்ப நாடுகளில் இந்த உணரிக்குக் கடினமான வேலை காத்திருக்கிறது. மனிதத் தோலின் வெப்பநிலை ஏறத்தாழ 33 பாகை செல்சியஸ். குளிர்நாட்டில் 15 பாகைச் சுவரின் முன் ஒருவர் நடந்தால் வேறுபாடு பெரிது. இங்கோ நண்பகலில் சுவரும் 33 பாகையை எட்டிவிடக்கூடும். அப்போது மனிதரும் சுவரும் உணரிக்கு ஒன்றுபோலவே தெரிவர். விளக்கு எரியாவிட்டால் பெரிய இழப்பில்லை. ஆனால், வீட்டுக்குள் திருடர் நுழைவதை அறிவிக்கவும் தனியே வாழும் முதியவர் நடமாடுகிறாரா என்பதைக் கவனிக்கவும் இதே உணரி பயன்படுகிறது. எனவே, மிகச் சிறிய வேறுபாட்டையும் தவறவிடாத பொருள் தேவை.

தொடக்கத்தில் டிரைகிளைசின் சல்பேட் என்னும் படிகம் நல்ல பலன் தந்தது. ஆனால், அது நீரில் கரையும். 49 பாகையில் தன் மின்பண்பையும் இழந்துவிடும். வெயிலில் நிறுத்திய காருக்குள் வைத்தாலே அதன் கதை முடிந்துவிடும்! இத்தகைய குறைகளால்தான் ஆய்வாளர்களின் பார்வை பீங்கானின் பக்கம் திரும்பியது.

பீங்கான் என்றதும் தேநீர்க் கோப்பை நினைவுக்கு வரலாம். இதுவும் பொடியை அழுத்திச் சூளையில் சுட்டுச் செய்யப்படுவதே. ஈயம், சிர்க்கோனியம், டைட்டானியம் ஆகியவற்றின் ஆக்சைடுகள் இதில் முக்கியமானவை. சுட்டு முடித்த பீங்கானில் எண்ணற்ற நுண்படிகங்கள் இருக்கும். ஆனால், சபைக்கூடல் தொடங்குவதற்கு முன் திடலில் நிற்கும் மாணவர்களைப் போல் ஒவ்வொன்றும் ஒரு திசையை நோக்கும். ஆகவே, மொத்தத்தில் மின்னேற்றம் தெரியாது. சூடான எண்ணெயில் வைத்து, ஒரு மில்லிமீட்டர் தடிமனுக்குச் சில ஆயிரம் வோல்ட்டு மின்னழுத்தம் கொடுத்தால், அவை பெரும்பாலும் ஒரே பக்கம் திரும்பிக்கொள்ளும். மின்னழுத்தத்தை நீக்கிய பிறகும் அந்த வரிசை நிலைத்திருக்கும்.

இந்தப் பீங்கானை மேம்படுத்துவது எப்படி? அதிக மின்னேற்றம் தந்தால் போதும் என்று தோன்றும். அது பாதி உண்மைதான். ஒரு குவளை நீரைக் குறுகிய குழாயில் ஊற்றினால் நீர்மட்டம் நன்கு உயரும். அதே நீரை அகன்ற தாம்பாளத்தில் ஊற்றினால் உயர்வே தெரியாது. பொருளின் 'மின்கடவாமாறிலி' என்பது இந்தப் பாத்திரத்தின் அகலத்தைப் போன்றது. அது பெரிதாக இருந்தால், கிடைக்கும் மின்னழுத்தம் குறைந்துவிடும். ஈயப் பீங்கான் நிறைய மின்னேற்றம் தருகிறது. ஆனால், பாத்திரமும் அகன்றது. மின்னேற்றத்தைக் கூட்ட முயன்றால் பெரும்பாலும் அகலமும் சேர்ந்தே கூடுகிறது. இங்குதான் ஆய்வாளர்களுக்குத் தலைவலி.

ஒரு வழி, பீங்கானில் வேண்டுமென்றே துளைகளை உண்டாக்குவது. எரிந்து மறையக்கூடிய நுண்துகள்களைப் பொடியில் கலந்து சுட்டால், ஆப்பத்தில் இருப்பது போன்ற நுண்துளைகள் உருவாகும். துளையில் இருப்பது காற்று. அதனால் மின்கடவாமாறிலி குறைகிறது. சூடேற்ற வேண்டிய பொருளின் அளவும் குறைவதால் அது விரைவில் சூடாகிறது. மின்னேற்றமும் ஓரளவு குறையத்தான் செய்கிறது, ஆனால் மொத்தத்தில் ஆதாயமே. துளைகள் மிகுந்தால் பீங்கான் எளிதில் நொறுங்கும் என்பதையும் பார்க்க வேண்டும். மற்றொரு வழி, மாங்கனீசு போன்ற தனிமங்களை மிகச் சிறிதளவு சேர்ப்பது. இதனால் மின்னிழப்பு குறைந்து, தேவையற்ற இரைச்சல் அடங்குகிறது. துண்டை மெல்லியதாகச் சீவுவதும் உதவும்.

இவற்றைவிடப் பெரிய சிக்கல் ஈயம். அது நச்சுத்தன்மை உடையது. குறிப்பாகக் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கிறது. சூளையில் சுடும்போது ஈய ஆக்சைடு ஆவியாகி வெளியேறுவதால், பீங்கானை மூடிய கலத்துக்குள் வைத்தே சுடுகிறார்கள். ஐரோப்பிய ஒன்றியம் 2006-ஆம் ஆண்டு முதல் மின்னணுக் கருவிகளில் ஈயத்தைக் கட்டுப்படுத்தியது. ஆனால், இத்தகைய பீங்கான் உறுப்புகளுக்கு விலக்கு அளித்தது. அவற்றுக்கு ஈடான மாற்றுப்பொருள் கிடைக்கவில்லை என்பதே காரணம்.

இப்போது சோடியம், பிஸ்மத், டைட்டானியம் கலந்த ஈயமற்ற பீங்கான்களை ஆய்வாளர்கள் சோதித்து வருகின்றனர். அவற்றில் பேரியத்தைச் சேர்த்தால் மின்னேற்றம் கூடுகிறது. அதேவேளையில், நுண்படிகங்களின் வரிசை குலையும் வெப்பநிலை கீழே இறங்கிவிடுகிறது. வெப்பத்தை உணர வேண்டிய பொருள், வெப்பத்தைத் தாங்கவும் வேண்டுமல்லவா? இவ்விரண்டையும் ஒருசேரத் தரும் கலவையைத்தான் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறார்கள்.