21-1: அண்டர்டேக்கரைத் தோக்க வெச்சது நியாயமா? முடியாத ரெஸ்ட்லிங் பஞ்சாயத்து!

பள்ளிக்கரணையில் வேளச்சேரி - தாம்பரம் மெயின் ரோட்டை ஒட்டின டீக்கடை ஏதாவது ஒன்றில் சாயங்காலம் நின்று பாருங்கள். கழுத்தில் ஐ.டி கார்டு தொங்க ரெண்டு பேர், பைக்கை ஓரங்கட்டிவிட்டு ஃபுட் டெலிவரி தம்பி ஒருத்தர். பேச்சு சி.எஸ்.கே-வில் ஆரம்பித்து சதுப்பு நிலத்துக் கொசு வரைக்கும் போகும். பக்கத்தில் நிற்பவர் ரெஸ்ட்லிங் ஃபேன் என்று தெரிந்துவிட்டால் போச்சு. "அண்டர்டேக்கரை எதுக்கு ப்ரோ தோக்க வெச்சாங்க?" என்று பழைய பஞ்சாயத்து திரும்பக் கூடிவிடும்.

கேள்வியைக் கவனியுங்கள். "எப்படித் தோத்தார்?" இல்லை, "எதுக்குத் தோக்க வெச்சாங்க?" யார் ஜெயிக்கணும் என்பதை ரிங்குக்கு வெளியே உட்கார்ந்திருக்கிற யாரோ முடிவு பண்ணுகிறார்கள் என்பது கேட்பவருக்கும் தெரியும், பதில் சொல்பவருக்கும் தெரியும். தெரிந்தும் 2014-ல் நடந்த ஒரு மேட்ச்சுக்கு இன்னும் குரல் உசருது. வீட்டில் "எல்லாம் டூப்புதானே, அதுக்குப் போய் ஏன்டா இப்படி அடிச்சுக்கிறீங்க?" என்று கேட்கும் அம்மாக்களுக்கும் சேர்த்தே இந்தக் கட்டுரை.

புக்கிங்னா என்ன?

யார் யாரோடு மோதணும், யார் ஜெயிக்கணும், எப்படி ஜெயிக்கணும், பெல்ட் யாரிடம் எத்தனை நாள் இருக்கணும். இதையெல்லாம் தீர்மானிப்பதுதான் புக்கிங். தீர்மானிப்பவர் புக்கர். இது ரகசியமும் இல்லை. நாங்கள் நடத்துவது விளையாட்டுப் போட்டி அல்ல, பொழுதுபோக்கு என்று 1989-லேயே நியூ ஜெர்சி மாகாண செனட்டில் அந்த கம்பெனியே ஒத்துக்கொண்டது. விளையாட்டு ஆணையத்தின் கட்டுப்பாடும் வரியும் வேண்டாம் என்பதற்காக! 2025-ல் நெட்ஃபிளிக்ஸில் வந்த 'டபிள்யூடபிள்யூஇ: அன்ரியல்' தொடரில் கதை எழுதும் அறைக்குள்ளேயே கேமராவை விட்டுவிட்டார்கள்.

ஆனால், முடிவுதான் முன்கூட்டியே தெரியும். விழுவது நிஜம். முதுகு அடிபடுவது நிஜம். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், கொஞ்ச நேரத்தில் தேவைப்படும்.

இனி ஸ்ட்ரீக். 90ஸ் கிட்ஸுக்கு இதை விளக்கவே தேவையில்லை. டிரம்ப் கார்டில் உயரம், எடை, பைசெப்ஸுக்குக் கீழே 'ஃபைட்ஸ் வான்' என்று ஒரு நம்பர் இருக்குமே, அதை வைத்து எத்தனை கார்டு பிடுங்கியிருப்போம்! தோற்காமல் போய்க்கொண்டே இருக்கிற அந்த நம்பருக்கு ஒரு போதை உண்டு. கார்டில் இருந்தது கற்பனை நம்பராகவே இருந்தாலும் கார்டு போனது நிஜம்தானே.

அண்டர்டேக்கரின் ரெஸில்மேனியா ஸ்ட்ரீக் 1991-ல் ஜிம்மி ஸ்னூகாவிடம் ஜெயித்ததில் ஆரம்பிக்கிறது. வேடிக்கை என்னவென்றால், அப்போது அதை யாரும் ஸ்ட்ரீக்காகத் திட்டமிடவே இல்லை. அவர் பாட்டுக்கு வருஷா வருஷம் ஜெயித்துக்கொண்டிருந்தார். 2002-ல் ரிக் ஃப்ளேரை ஜெயித்ததும் ரிங்கில் நின்று பத்து விரலையும் நீட்டிக் காட்டினார் பாருங்கள், அங்கிருந்துதான் அது சொத்தாக மாறியது. அடுத்த சில வருஷங்களில் சாம்பியன்ஷிப் மேட்ச்சைவிட "இந்த வருஷம் டேக்கர் தோப்பாரா?" என்பது பெரிய கேள்வியாகிவிட்டது. 2013-ல் சி.எம்.பங்க்கை வீழ்த்தியபோது கணக்கு 21-0.

சீட்டை யாருக்குக் கொடுத்தாங்க?

நம்மூர் ஏலச்சீட்டு தெரியும்தானே? எல்லாரும் மாசா மாசம் பணம் கட்டுவார்கள். ஒருத்தர் மொத்தமாக எடுப்பார். ஸ்ட்ரீக்கும் அப்படித்தான். தோற்ற ஒவ்வொருத்தரும் ஒரு தவணை கட்டியிருக்கிறார். ஷான் மைக்கேல்ஸ், ட்ரிபிள் எச், பட்டிஸ்டா என்று பெரிய பெரிய கைகள் கட்டிய தவணைகள். கடைசியில் ஸ்ட்ரீக்கை உடைப்பவர் அத்தனையையும் ஒரே ராத்திரியில் அள்ளிக்கொண்டு போகிறார். அதனால் "உடைக்கலாமா, கூடாதா" என்பது பாதிச் சண்டைதான். "சீட்டுப் பணம் யாருக்குத் தேவைப்பட்டது, அவர் அதை வெச்சு என்ன பண்ணார்" என்பதுதான் மீதி.

2014 ஏப்ரல் 6, நியூ ஆர்லியன்ஸ். நமக்குத் திங்கள்கிழமை காலை. சூப்பர்டோமில் 75,000 பேருக்கு மேல். ப்ராக் லெஸ்னர் மூன்றாவது எஃப்-5 போட்டார், ரெஃப்ரி மூன்று எண்ணினார். இசை ஒலிக்கக்கூட சில நொடிகள் ஆனது. திரையில் '21-1' வந்த பிறகும் ஏதோ தப்பு நடந்துவிட்டது என்றே கூட்டம் நினைத்தது. வாயைப் பிளந்துகொண்டு நின்ற ஒரு ரசிகரின் முகம் இன்றுவரை மீமாக ஓடிக்கொண்டிருக்கிறது.

அந்த மேட்ச்சில் 49 வயது அண்டர்டேக்கருக்குத் தலையில் நிஜமாகவே அடிபட்டு, மூளை அதிர்ச்சி. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள். அன்று பிற்பகலுக்குப் பிறகு நடந்த எதுவுமே ஞாபகம் இல்லை என்று பிற்பாடு அவரே சொன்னார். தன் வாழ்க்கையின் பெரிய தோல்வியையே ஞாபகத்தில் வைத்திருக்காத மனுஷன்! 'டூப்பு' என்ற வார்த்தையை எங்கே வைக்க வேண்டும் என்று இப்போது யோசித்துக்கொள்ளுங்கள்.

முடிவை எடுத்தவர் அப்போதைய முதலாளி வின்ஸ் மெக்மஹோன். ப்ராக்கை யாராலும் அசைக்க முடியாத ராட்சசனாக்க வேண்டும், பிறகு அவரை வீழ்த்தும் இளம் வீரர் அடுத்த சூப்பர் ஸ்டார். திட்டம் காகிதத்தில் நன்றாகத்தான் இருக்கிறது. அதே ஆகஸ்ட்டில் ஜான் சீனாவைப் பதினாறு சுப்ளெக்ஸ் போட்டு ப்ராக் துவைத்ததைப் பார்த்தவர்கள் "ஓஹோ, இதுக்குத்தானா" என்று ஒத்துக்கொள்ளவும் செய்தார்கள். ஆனால், அந்த 'அடுத்த சூப்பர் ஸ்டார்' ரோமன் ரெய்ன்ஸ், ப்ராக்கைச் சாய்த்து பெல்ட் எடுத்தது 2018 ஆகஸ்ட்டில். நாலு வருஷத்துக்கும் மேல்! அதற்கு நடுவில், 2016 நவம்பரில், பல வருஷம் கழித்து திரும்பி வந்த கோல்ட்பெர்க் இதே ப்ராக்கை 86 செகண்டில் முடித்துவிட்டார். 21 வருஷத் தவணை, ஒண்ணரை நிமிஷத்தில் கை மாறியது.

என் கட்சியைச் சொல்லிவிடுகிறேன். ஸ்ட்ரீக்கை உடைத்தது தப்பில்லை. ப்ராக்குக்குக் கொடுத்ததுதான் தப்பு. ஏற்கெனவே வீடு, கார் எல்லாம் இருக்கிறவருக்கு எதற்குச் சீட்டு? ப்ராக்குக்கு அது தேவைப்படவில்லை என்று அண்டர்டேக்கரே பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். "உடைக்காமலே ரிட்டயர் ஆக விட்டிருக்கணும்" என்று சொல்லும் கோஷ்டியும் பெரிசு. அவர்களிடம் பேசி ஜெயிக்க முடியாது, ட்ரை பண்ணாதீர்கள்.

கோல்ட்பெர்க்கின் பர்த்டே கிஃப்ட்

சீட்டுப் பணம் வீணாய்ப் போனதற்குப் பாடப்புத்தக உதாரணம் கோல்ட்பெர்க்தான். போட்டி கம்பெனியான டபிள்யூசிடபிள்யூ-வில் 1997 செப்டம்பரில் அறிமுகம். வந்தார், அடித்தார், போனார். கணக்கு 173-0 வரை ஏறியது. அதில் பல வெற்றிகளை கம்பெனியே சேர்த்து எழுதிக்கொண்டது என்பது ஊரறிந்த விஷயம். 1998 டிசம்பர் 27, ஸ்டார்கேட் நிகழ்ச்சியில் ஸ்காட் ஹால் ஷாக் அடிக்கும் கருவியை வைத்துக் குத்த, கெவின் நாஷ் பின் பண்ணி முடித்தார். அன்றைக்கு கோல்ட்பெர்க்குக்கு 32-வது பிறந்தநாள் வேறு.

தோற்றது கூடப் பரவாயில்லை. அடுத்து வந்த ஜனவரி 4-ல் ஹல்க் ஹோகன் ஒற்றை விரலால் நாஷின் நெஞ்சைத் தொட, நாஷ் தானாகவே மல்லாந்து படுத்து பெல்ட்டைக் கொடுத்துவிட்டார்! ரசிகன் ஒரு வருஷத்துக்கு மேல் நம்பிப் பார்த்ததை ஒற்றை விரலில் ஊதித் தள்ளியது அது. 2001 மார்ச்சில் டபிள்யூசிடபிள்யூ-வை எதிராளியே வாங்கிவிட்டார்கள். கம்பெனி மூழ்கியதற்குக் காரணங்கள் ஏகப்பட்டது உண்டு. ரசிகர்களைக் கேட்டால் விரல் அந்த ஒரு விரல் பக்கம்தான் நீளும்.

நம்ம ஆளு ஜெயிச்சப்போ...

"பெரிய தாராசிங்னு நெனப்பு" என்று தாத்தாக்கள் திட்டுவார்கள், கேட்டிருக்கிறீர்களா? இந்தியாவின் ஒரிஜினல் ஸ்ட்ரீக் அவருடையது. பஞ்சாபில் பிறந்த தாராசிங், சுமார் 200 கிலோ எடையுள்ள கிங்காங்கோடு ஊர் ஊராக மோதினார். 1968 மே 29-ல் பம்பாயில் அமெரிக்காவின் லூ தெஸ்ஸை வீழ்த்தினார். 500 சண்டைகளில் தோற்றதே இல்லை என்பது அவரைச் சுற்றி இருக்கும் பெருமை. அந்தக் காலத்து ரசிகனுக்கு புக்கிங் என்ற வார்த்தை தெரியாது. நம்ம ஆளு வெளிநாட்டானைத் தூக்கிப் போட்டான், அவ்வளவுதான்.

அந்த ஆசையை மறுபடி கிளப்பியவர் கிரேட் காளி. 2006-ல் வந்த வேகத்தில் அண்டர்டேக்கரையே வீழ்த்தினார். 2007 ஜூலையில் வேர்ல்டு ஹெவிவெயிட் சாம்பியன். இரண்டே மாதத்தில் பெல்ட் பட்டிஸ்டாவிடம் போனது.

அதற்கப்புறம் 2017-ல் நடந்ததுதான் இந்திய ரசிகர்களுக்கு இன்னும் ஆறாத ரணம். ஜிந்தர் மஹால், கனடாவில் பிறந்த பஞ்சாபி. வருஷக்கணக்கில் மற்றவர்களை ஜெயிக்க வைப்பதற்காகத் தோற்றுக்கொண்டிருந்தவர். இந்த வேலைக்கு 'ஜாபர்' என்று பெயர். திடீரென்று ஏப்ரலில் அவருக்கு சான்ஸ், மே 21-ல் ராண்டி ஆர்ட்டனை வீழ்த்தி டபிள்யூடபிள்யூஇ சாம்பியன்! சீட்டில் ஒரு தவணைகூடக் கட்டாதவருக்கு முதல் மாசமே மொத்தப் பணம். இந்திய மார்க்கெட்டுக்காகத்தான் இது என்று எல்லாரும் பேசினார்கள். ஜெயித்த மேட்ச்களிலும் சிங் பிரதர்ஸ் யாராவது குறுக்கே பாய்ந்து காப்பாற்றுவார்கள். தனியாக, நேர்மையாக ஜெயிக்க அவரை விடவே இல்லை. அப்புறம் எப்படி ஜனம் நம்பும்?

சரி, இந்தியாவுக்கு சாம்பியனாக வருவார், டெல்லியில் பெல்ட்டைத் தூக்கிக் காட்டுவார் என்று காத்திருந்தால், டூருக்கு ஒரு மாசம் முன்னால், நவம்பர் 7-ல் மான்செஸ்டரில் ஏ.ஜே.ஸ்டைல்ஸிடம் பெல்ட்டைப் பறிகொடுத்தார். மொத்தம் 170 நாள். இரண்டு நாள் என்று அறிவித்த டெல்லி நிகழ்ச்சி ஒரு நாளாகச் சுருங்கியது. டிசம்பர் 9, இந்திரா காந்தி உள்விளையாட்டரங்கம். ஜிந்தருக்கு எதிரே 48 வயது ட்ரிபிள் எச். சொந்த ஜனத்துக்கு முன்னால் ஜிந்தர் தோற்றார். மேட்ச் முடிந்ததும் இரண்டு பேரும் சேர்ந்து பாங்ரா ஆடினார்கள்.

ஏ.ஜே.ஸ்டைல்ஸ் மேலான ரெஸ்ட்லர், யார் மறுத்தது? ட்ரிபிள் எச்சைப் பார்க்கத்தான் பாதிக் கூட்டம் வந்தது என்பதும் உண்மையாக இருக்கலாம். ஆனால், ஒரு மாசம் பொறுத்திருந்தால் என்ன குறைந்திருக்கும்? நம்மைக் காட்டி சாம்பியன் ஆக்கினார்கள், நம்ம வாசலுக்கு வந்தே தோற்கடித்தார்கள். டிக்கெட் எடுத்தவனுக்கு மிஞ்சியது ஒரு டான்ஸ்.

ரசிகன் மாற்றி எழுதிய கதை

2கே கிட்ஸுக்கு இந்தச் சண்டையெல்லாம் ரோமன் - கோடி கதையில்தான் புரிந்திருக்கும். 2020 ஆகஸ்ட் 30-ல் பெல்ட் எடுத்த ரோமன் ரெய்ன்ஸ் 1,316 நாள் விடவே இல்லை. 2023 ரெஸில்மேனியாவில் கோடி ரோட்ஸ் ஜெயித்துவிடுவார் என்று ஊரே நம்பியது. சோலோ சிகோவா குறுக்கே வந்து கெடுத்தார். அடுத்த வருஷமாவது விடுவார்கள் என்று பார்த்தால், 2024 பிப்ரவரியில் கோடி இடத்துக்கு தி ராக்கை இறக்கினார்கள். அவ்வளவுதான், 'வீ வாண்ட் கோடி' என்று அரங்கத்திலும் போனிலும் ஒரே சத்தம். ஒரே வாரத்தில் கம்பெனி பின்வாங்கியது. ஏப்ரல் 7, ஃபிலடெல்ஃபியாவில் கோடி ஜெயித்தார். சீட்டு சரியான ஆளுக்குப் போனால் எப்படி இருக்கும் என்பதற்கு அந்த ராத்திரி சாட்சி. 2023-லேயே கொடுத்திருந்தால் இவ்வளவு இனித்திருக்குமா என்பது தனிச் சண்டை. என்னைக் கேட்டால், இனித்திருக்காது.

லேட்டஸ்ட் பஞ்சாயத்து ஜான் சீனாவுடையது. 2025 டிசம்பர் 13, வாஷிங்டன். கடைசி மேட்ச். எதிரே குந்தர். 'நெவர் கிவ் அப்' என்று டி-ஷர்ட்டில் போட்டு விற்ற மனுஷன், 20 வருஷத்துக்கும் மேல் எந்தப் பிடியிலும் தட்டாதவர், குந்தரின் ஸ்லீப்பர் பிடியில் லேசாகச் சிரித்துவிட்டுத் தட்டினார். புக்கிங்குக்குத் தலைவரான ட்ரிபிள் எச் வெளியே வந்தபோது அரங்கமே கூச்சல் போட்டது.

போகும்போது தோற்றுவிட்டுப் போவதுதான் ரெஸ்ட்லிங்கில் மரியாதை, இருப்பதையெல்லாம் அடுத்தவனுக்குக் கொடுத்துவிட்டுப் போகணும் என்று ஒரு கட்சி. தோற்கட்டும், தட்டாமல் மயங்கி விழுந்து தோற்றிருக்கலாமே என்று இன்னொரு கட்சி. குந்தர் அந்தப் பணத்தை வைத்து என்ன செய்யப்போகிறார் என்பது தெரியும்வரை இரண்டில் எதையும் தள்ள முடியாது.