குற்றாலத்துப் பூங்காவும் நமது உரிமையும்

சாரல் தொடங்கியதும் ஐந்தருவிக்கு வருகிறவர்கள், அருகிலுள்ள தோட்டக்கலைத் துறையின் சுற்றுச்சூழல் பூங்காவிலும் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டுப் போகிறார்கள். இந்த மலையடிவாரத்தில் அரசுத் தோட்டம் புதிதல்ல. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே கிழக்கிந்தியக் கம்பெனி குற்றாலத்தில் ஜாதிக்காய், கிராம்பு, இலவங்கப்பட்டைத் தோட்டம் போட்டது. ஜாதிக்காய்க்கு நிழலும் ஈரமும் வேண்டும். காய்க்கவே ஆறேழு ஆண்டுகள் ஆகும். மலை நிழலும் ஓடை நீரும் அதற்கு ஏற்றவையாக இருந்தன.

பின்னர் 1830களில் ராபர்ட் வைட் என்ற தாவரவியலாளர் குற்றாலச் செடிகளைச் சேகரித்தார். அவருக்குப் படம் வரைந்த ரங்கய்யா, கோவிந்து என்ற நம் நாட்டு ஓவியர்களின் பெயர்கள் இன்றும் தெரிகின்றன. ஆனால் அந்தத் தோட்டத்தில் குழி வெட்டி, நீர் சுமந்தவர்களின் பெயரை நாம் எங்கும் படித்ததில்லை.

தோட்டத்தில் உழைக்க வந்தவர்களுக்கு, பொது இடத்தில் உரிமையோடு நடக்கச் சட்டம் தேவைப்பட்டது. 1924இல் சென்னை சட்டசபையில் இரட்டைமலை சீனிவாசன் கொண்டுவந்த தீர்மானம், பொதுச் சாலை, கிணறு, குளம், பொது இடம் எதிலும் ஒடுக்கப்பட்டோரைத் தடுக்கக் கூடாது என்றது. அரசமைப்புச் சட்டத்தின் 15(2)ஆம் பிரிவு கடை, கிணறு, குளம், குளிக்கும் துறை, சாலை, மக்கள் கூடும் இடம் எல்லாவற்றுக்கும் அதை உறுதி செய்தது. அருவிக்கரையும் பூங்காவும் அதற்குள் அடங்கும்.

சட்டம் ஏட்டில் இருந்தால் போதுமா? 2022இல் நம் மாவட்டத்துப் பாஞ்சாங்குளத்தில், ஊர்க் கட்டுப்பாடு என்று சொல்லி நம் பிள்ளைகளுக்குக் கடையில் தின்பண்டம் மறுத்தார்கள். வழக்கு வந்தது, கைதும் நடந்தது. அந்தப் பிள்ளைகளும் அதே 15(2)இன் குடிமக்கள்தான்.

குற்றாலத்திலேயே தோட்டக்கலைத் துறைப் பண்ணைக்குள் இருக்கும் பழத்தோட்ட அருவிக்கு ‘விஐபி அருவி’ என்றொரு பெயர் உண்டு. அங்கே கேட்டது சாதியை அல்ல, பதவியை. அந்தப் பதவிகளில் நம்மவர் எத்தனை பேர் என்று மாணவர்கள் எண்ணிப் பார்க்கட்டும்.

நாம் கேட்பவை மூன்று. ஆதிதிராவிடர் நல விடுதி மாணவர்களைக் கட்டணமின்றிப் பூங்காவுக்கு அழைத்துவந்து செடிகளைக் காட்டிப் பாடம் சொல்ல வேண்டும். தோட்டத்தின் வரலாற்றை, உழைத்தவர்களையும் சேர்த்து, வாசலில் தமிழில் எழுதி வைக்க வேண்டும். அரசுப் பணத்தில் நிற்கும் எந்த அருவியும் பாதுகாப்பு ஏற்பாட்டோடு எல்லாருக்கும் திறக்க வேண்டும். நம் ஊர்ச் சபைகளில் இதைத் தீர்மானமாக எழுதி மாவட்ட ஆட்சியருக்கு அனுப்புவோம்.