மடியும் மன்றாட்டும் – 9: மனந்திரும்பிய தேதி

பிள்ளை தாயிடம் பழகிய விதமே பிற்பாடு அது அன்பை எதிர்பார்க்கும் விதமாகிறது என்று உளமருத்துவர் ஜான் போல்பி சொன்னதும், உளவியலாளர் மேரி ஐன்ஸ்வொர்த் அதை உகண்டாவிலும் பால்டிமோரிலும் கண்டறிந்ததும் பழைய இதழ்களில் வந்தவை. இந்த வாரம் யாழ்ப்பாணத் தீவகத்தில் மண்கும்பானைத் தாண்டிச் சாட்டி சிந்தாத்திரை மாதா கோவிலுக்குப் போவதாகப் பேச்சு. நடுவில் அமெரிக்காவின் டென்வர் நகரத்து நாளிதழ் ஒன்று வழிமறிக்கிறது.

1985 ஜூலையில் 'ராக்கி மவுண்டன் நியூஸ்' தன் வாசகர்களுக்குக் காதல் பற்றிய கேள்வித்தாள் ஒன்றை அச்சிட்டது. தயாரித்தவர்கள் சிண்டி ஹசான், பிலிப் ஷேவர் என்ற உளவியலாளர்கள். அதில் மூன்று சின்னப் பத்திகள். முதலாவது, பிறரோடு எளிதாக நெருங்குகிறவரைப் பற்றியது. இரண்டாவது, யாராவது அதிகம் நெருங்கினாலே சங்கடப்படுகிறவர். மூன்றாவது, 'விட்டுப் போய்விடுவார்களோ' என்று ஓயாமல் அஞ்சுகிறவர். தனக்குப் பொருந்துவதைக் குறித்துத் தபாலில் போட வேண்டும், அவ்வளவுதான். பதில்கள் குவிந்தன. 14 வயதுப் பிள்ளையும் எழுதியது, 82 வயது முதியவரும் எழுதினார். முதலில் எண்ணிய 620 பேரில் 56 சதவீதம் முதல் பத்தி, 25 இரண்டாவது, 19 மூன்றாவது. ஐன்ஸ்வொர்த் வழியில் கைக்குழந்தைகளைக் கவனித்தவர்கள் கண்ட விகிதமும் ஏறக்குறைய இதுவே! ஆய்வுக்கூடம் இல்லை, கருவி இல்லை. ஒரு நாளிதழும் அதன் வாசகர்களும் போதுமாக இருந்தது.

இதோடு நின்றிருந்தால் காதல் கதைதான். ஷேவரும் லீ கர்க்பாட்ரிக்கும் 1990இல் வெளியிட்ட கட்டுரையில் கடவுளைப் பற்றியும் கேட்டார்கள். தாய் எட்டியே நின்றார் என்று நினைவுகூர்ந்தவர்களிடையே திடீர் மனந்திரும்புதல் கூடுதலாகத் தெரிந்தது. வீட்டில் கிடைக்காததைக் கடவுளிடம் தேடிப் போனவர்கள் என்பது அவர்களுடைய விளக்கம். அன்பான, பக்தியுள்ள தாயிடம் வளர்ந்தவர்களுக்கோ விசுவாசம் மெல்ல, வந்த நாள் தெரியாமல் வருகிறது என்று பின்னர் வந்த ஆய்வுகள் காட்டின.

தீவகத்தில் இரண்டு வகையினரும் உண்டு. அந்தியில் தாய் சொல்லச் சொல்லச் செபமாலை கற்ற கத்தோலிக்கப் பிள்ளையிடம் "எப்ப இரட்சிக்கப்பட்டனீர்?" என்று கேட்டால் விழிக்கும். செபக்கூட்டத்தில் சாட்சி சொல்பவரோ தேதியும் மணியும் சொல்வார். முன்னவருக்குப் பக்தி வெறும் பழக்கம் என்று பின்னவரும், பின்னவருடையது உணர்ச்சி வேகம் என்று முன்னவரும் நினைப்பதுண்டு. இரண்டும் அநியாயம். இருவரும் புறப்பட்ட மடி வேறு. இதில் தாயைக் குற்றம் சொல்லவும் இடமில்லை. இடப்பெயர்வும் வெளிநாட்டு வேலையும் எத்தனையோ தீவகத் தாய்மாரைப் பிள்ளைகளிடமிருந்து பிரித்தே வைத்தன.

இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே யாழ்ப்பாணத்தில் பிரிவும் விசுவாசமும் ஒரே கூரையின்கீழ் இருந்தன. 1816இல் வந்த அமெரிக்க மிசனரிகள் பிள்ளைகளை வீட்டிலிருந்து பிரித்து விடுதியில் வைத்துப் படிப்பித்தார்கள். பணம் கொடுத்த அமெரிக்கர்களின் பெயரைப் பலருக்குச் சூட்டினார்கள். விசுவநாதபிள்ளை கறோல் ஆனார், சதாசிவம்பிள்ளை ஆர்னல்ட் ஆனார். 1824இல் இந்த விடுதிப் பள்ளிகளில்தான் முதல் எழுப்புதல், பலர் ஒருசேர அழுது மனந்திரும்பும் அலை, மூண்டது. தாயைப் பிரிந்த ஏக்கம் அந்தப் பிள்ளைகளின் கண்ணீரில் எவ்வளவு இருந்தது? அளந்து சொல்ல இன்று வழியில்லை. ஆனால் அந்த ஏக்கத்தை விட்டுவிட்டு 1824ஐ வாசிப்பது அரைகுறை வாசிப்பு.

எழுப்புதல் முடிந்த பிறகு என்ன ஆகிறது என்பதே ஆன்மிக வளர்ச்சியின் கேள்வி. சுவீடனில் பேர் கிரான்க்விஸ்ட் நடத்திய ஆய்வுகளின்படி, பாதுகாப்பற்ற பற்றோடு (அந்த இரண்டாம், மூன்றாம் பத்தியினரைப் போல) வளர்ந்தவர்களின் பக்தி துயரத்தில் பொங்கும், பின் வடியும். ஆகவே திடீரென விசுவாசத்துக்கு வந்தவருக்கு வேண்டியது இன்னுமொரு எழுப்புதல் கூட்டம் அல்ல. பக்தி வடிந்த நாளிலும் "இண்டைக்கு ஏன் வரேல்லை?" என்று வீடு தேடி வருகிற ஒரு பங்குத்தந்தை, ஒரு சபை மூப்பர், ஒரு தோழி. கடவுள் விட்டுப் போகமாட்டார் என்பதை அப்படி வந்தவர் முதலில் இந்த மனிதர்களிடம்தான் கற்கிறார். இதற்கு ஆண்டுகள் ஆகும். சபைகள் அந்த ஆண்டுகளைக் கொடுக்கத்தான் வேண்டும்.

கடலோடிகளுக்குக் காவலான சிந்தாத்திரை மாதாவை, கரையில் காத்திருக்கும் தாயாகக் கடற்றொழிலாளர் ஏன் நம்புகிறார்கள் என்பது அடுத்த இதழில். கச்சதீவு அந்தோனியாரும் அங்கேதான் வருவார்.