கர்ட்டிஸ் புல்வெளி
விஸ்கான்சின்-மேடிசன் பல்கலைக்கழகத் தாவரப் பூங்கா, அமெரிக்கா

இந்தப் புல்வெளி மனிதர் கையால் மீட்கப்பட்டது. இதற்கு முன் இது விளைநிலமாகவும் மேய்ச்சல் நிலமாகவும் இருந்தது. 1930களின் நடுவில், தாவரச் சூழலியலாளர் தியோடர் ஸ்பெர்ரியின் மேற்பார்வையில், அரசு வேலைத்திட்டத்தில் சேர்ந்த இளைஞர்கள் இங்கே நடவு தொடங்கினார்கள். அழியாமல் எஞ்சியிருந்த இயற்கைப் புல்வெளிகளிலிருந்து செடிகளை வேரும் மண்ணுமாகப் பெயர்த்துக் கொண்டுவந்து நட்டார்கள். அறிவியல் அடிப்படையில் மீட்கப்பட்ட புல்வெளிகளில் உலகிலேயே மிகப் பழையது இதுவே.

நட்டது மட்டும் போதவில்லை. அயலிலிருந்து வந்த கென்டக்கி நீலப்புல் இடம் விடாமல் பரவியது. பல்கலைக்கழகத் தாவரவியல் பேராசிரியர் ஜான் டி. கர்ட்டிஸ் (1913–1961) 1940களில் தம் மாணவர் மேக்ஸ் பார்ட்ச்சுடன் இங்கே தீ வைத்துச் சோதித்தார். நீலப்புல் வசந்தத்தில் முந்தித் துளிர்ப்பதால் அப்போதைய தீ அதை நலிவாக்கியது. மண்ணடியில் மொட்டுகளைக் காத்து நிற்கும் உள்நாட்டுப் புற்களோ தழைத்தன. புல்வெளிக்குத் தீ பகையல்ல, தேவை என்பதைத் துணிந்து சோதித்துக் காட்டியதே கர்ட்டிஸின் பெரும் கொடை.

அவர் மாணவர்களை நேரே களத்துக்கு அழைத்துச் சென்று கற்பித்தவர். அவர்களுடன் சேர்ந்து திரட்டிய தரவுகளே ‘விஸ்கான்சினின் தாவரங்கள்’ (1959) என்ற அவரது நூலுக்கு அடித்தளம். அவர் மறைந்தபின் இந்த வெளிக்கு அவர் பெயர் சூட்டப்பட்டது.

இங்கே இன்றும் முறைவைத்துத் தீயிடுகிறோம். கருகிய பகுதிகளில் இளந்தளிர்கள் இருக்கும். பாதையை விட்டு இறங்க வேண்டாம்.