பனிக்கு நடுவே வெந்நீர்: அம்மாவுடன் ஒரு பயணத் திட்டம்

எங்கள் வீட்டில் பனி இருக்கும் ஒரே இடம் குளிர்பதனப் பெட்டியின் மேல்தட்டு. மாதம் ஒருமுறை அம்மா அதைக் கரண்டியால் சுரண்டி வாளியில் கொட்டுவார். போன ஆண்டு அப்படிச் சுரண்டிக்கொண்டே, “நிஜப் பனியை ஒரு தடவை தொட்டுப் பார்க்கணும்மா” என்றார். பிறகு அதைப் பற்றிப் பேசவே இல்லை. நான்தான் மறக்கவில்லை.

அம்மாவுக்கு வயது 49. அவர் போன வெளிநாடுகள் மலேசியாவும் தமிழ்நாடும் மட்டுமே. ஒரு தொடக்கப்பள்ளியின் உணவகக் கடையில் உதவியாளராக வேலை செய்கிறார். பள்ளி விடுமுறை என்றால் கடைக்கும் விடுமுறை, சம்பளத்துக்கும் விடுமுறை. ஆக, அம்மாவுக்கு நேரம் கிடைக்கும் டிசம்பர் மாதத்தில்தான் எங்கள் வீட்டில் பணம் குறைவாக இருக்கும். இந்தப் பயணத்தின் முதல் சிக்கலே அதுதான்.

நான் இரண்டு ஆண்டுகளாக மூன்று பிள்ளைகளுக்குத் துணைப்பாடம் சொல்லிக்கொடுத்து 4,100 வெள்ளி சேர்த்திருக்கிறேன். “அதைப் படிப்புக் கடனுக்குக் கட்டு” என்பது அம்மாவின் கட்சி. கல்வி அமைச்சின் கல்விக் கட்டணக் கடனுக்குப் படிக்கும் காலத்தில் வட்டி இல்லை என்பது என் கட்சி. இந்த வாக்குவாதம் நான்கு மாதம் நடந்தது. விமானச் சீட்டு வாங்கிய பிறகும் முழுதாக முடியவில்லை.

நாங்கள் போகவிருப்பது ஜப்பானின் வடக்கே இருக்கும் ஹொக்கைடோ தீவு. ஐஸ்லாந்து என்று சொன்ன தோழிகளும் உண்டு. அங்கும் பனியும் வெந்நீர் ஊற்றும் அருகருகே இருக்கின்றன. ஆனால் விலையைப் பார்த்ததும் அந்தப் பேச்சு நின்றது. ஜப்பானுக்கு சிங்கப்பூர்க் கடப்பிதழ் இருந்தால் குறுகிய காலச் சுற்றுலாவுக்கு விசா தேவையில்லை. 100 யென் நம் ஒரு வெள்ளிக்கும் சற்றுக் குறைவு.

ஹொக்கைடோவின் பெரிய நகரமான சப்போரோவில் ஏறக்குறைய 20 லட்சம் பேர் வாழ்கிறார்கள். அங்கே ஓராண்டில் விழும் பனியை அளந்து கூட்டினால் ஏறக்குறைய 5 மீட்டர் வரும். இவ்வளவு மக்கள் வாழும் நகரத்தில் இவ்வளவு பனி விழுவது உலகிலேயே அரிது. காரணம் எளிது. சைபீரியாவிலிருந்து வரும் குளிர்ந்த, வறண்ட காற்று ஜப்பான் கடலைக் கடக்கும்போது ஈரத்தை அள்ளிக்கொள்கிறது. எதிரே மலை வந்ததும் மேலெழும்பி, அந்த ஈரத்தையெல்லாம் பனியாகக் கொட்டிவிடுகிறது. புவியியல் பாடத்தில் பருவமழைக்கு வரைந்த அதே படம்தான், மழைக்குப் பதில் பனி.

எப்போது போவது என்பதில் எங்களுக்கு அதிகம் தெரிவு இல்லை. சப்போரோ பனித் திருவிழா பிப்ரவரித் தொடக்கத்தில் நடக்கிறது. 1950இல் உள்ளூர்ப் பள்ளி மாணவர்கள் பூங்காவில் ஆறு பனிச் சிலைகள் செய்துவைத்ததில் தொடங்கியது அது. நம் வயதுக்காரர்கள் தொடங்கிய விழா என்பதால் பார்க்க ஆசைதான். ஆனால் பிப்ரவரியில் எனக்கு வகுப்பு, அம்மாவுக்கு வேலை. டிசம்பர் கடைசியில் விலை மலையேறிவிடும். என் தேர்வுகள் முடிவது டிசம்பர் முதல் வாரம். எனவே இரண்டாவது வாரத்தைப் பிடித்தோம். சப்போரோவில் பனி தரையில் தங்கத் தொடங்குவது ஏறக்குறைய அப்போதுதான். நகரத்தில் குறைவாக இருந்தாலும் மலைப்பக்கம் இருக்கும் என்று நம்புகிறேன். மாலை 4 மணிக்கெல்லாம் சூரியன் மறைந்துவிடும் என்பதால் வெளியே சுற்றுவதை எல்லாம் காலையில் வைத்திருக்கிறேன்.

வெந்நீர் ஊற்று ஊர்களில் புகழ்பெற்றது நொபோரிபெட்சு. அங்கே ‘நரகப் பள்ளத்தாக்கு’ என்றே பெயர்கொண்ட இடத்தில் தரையிலிருந்து கந்தகப் புகை எழும். ஆனால் ரயில், பிறகு பேருந்து என்று மாறவேண்டும், அம்மாவுக்கு முழங்கால் வலி. அதனால் ஜோசான்கெய்யைத் தேர்ந்தெடுத்தேன். சப்போரோ நகர எல்லைக்குள்ளேயே இருக்கும் மலை ஊர் அது. ரயில் நிலையத்திலிருந்து ஒரே பேருந்து, ஏறக்குறைய ஒரு மணி நேரம். ஊற்று நீர் நிறமற்றது, உப்புத்தன்மை கொண்டது. குளித்து எழுந்த பிறகும் உடம்பில் சூடு நெடுநேரம் தங்குமாம்.

ஜப்பானில் ‘ஒன்சென்’ என்ற பெயருக்குச் சட்டமே இருக்கிறது. 1948ஆம் ஆண்டுச் சட்டப்படி, ஊற்றிலிருந்து வரும்போது நீர் 25 டிகிரி செல்சியஸ் அல்லது அதற்கு மேல் இருக்கவேண்டும். இல்லையென்றால் பட்டியலிட்ட 19 பொருள்களில் ஏதாவது ஒன்று போதிய அளவில் இருக்கவேண்டும். வெறுமனே தண்ணீரைச் சுடவைத்து ஒன்சென் என்று பலகை மாட்ட முடியாது. இதை நான் மிக ஆர்வமாகச் சொல்லிக்கொண்டிருந்தபோது அம்மா வேறொன்றைக் கேட்டார்: “என்ன உடுத்திக்கிட்டுக் குளிக்கணும்?”

ஒன்றும் உடுத்தக்கூடாது என்பதுதான் பதில். பொதுக் குளியல் ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனி. ஆனால் உள்ளே நீச்சலுடைக்கு அனுமதி இல்லை. முதலில் சிறு முக்காலியில் உட்கார்ந்து சோப்புப் போட்டு நன்றாகக் குளித்துவிட்டு, தலைமுடியை மேலே கட்டிக்கொண்டு, பிறகுதான் தொட்டியில் இறங்கவேண்டும். கையில் இருக்கும் சிறு துண்டுகூட நீரில் படக்கூடாது. தொட்டி அழுக்குப் போக்கும் இடமல்ல, உடம்பைச் சூடாக்கும் இடம். பச்சை குத்தியவர்களைப் பல இடங்களில் உள்ளே விடுவதில்லை, குற்றக் கும்பல்களின் அடையாளமாக அது இருந்த வரலாறு காரணம். தோளில் வேல் குத்தியிருக்கும் என் தோழி ஒருத்தி இதைக் கேட்டு ரொம்ப வருத்தப்பட்டாள்.

அம்மா வருத்தப்படவில்லை. “நான் வரல. நீ போய்க் குளி, நான் வெளியே பனியைப் பார்த்துக்கிட்டு இருக்கேன்” என்றார். இதைக் கூச்சம் என்று சிரித்துத் தள்ள எனக்கு மனம் வரவில்லை. சொந்த மகள் முன்னாலும் முழுதாகப் போர்த்திக்கொண்டு உடை மாற்றுபவர் அவர். ஊர் வழக்கம் என்று சொல்லி அவரை இழுத்துப்போவது பயணம் ஆகாது, தண்டனை.

தேடியதில் மூன்று வழிகள் தெரிந்தன. ஒன்று, கால் மட்டும் நனைக்கும் குளம். ஜோசான்கெய்யில் இலவசமாகவே உண்டு. இன்னொன்று, அறைக்குள்ளேயே ஊற்று நீர்த் தொட்டி. அதன் விலைக்கு இரண்டு மாதம் துணைப்பாடம் நடத்தவேண்டும். மூன்றாவது, நேரக் கணக்கில் வாடகைக்கு எடுக்கும் தனிக் குளியலறை. கதவைத் தாழிட்டுக்கொண்டு குடும்பமாகவோ தனியாகவோ குளிக்கலாம். “தனியா என்றால் சரி” என்று அம்மா இறங்கிவந்தது இங்கேதான்.

அதற்கு முன்னோட்டமாக ஒரு ஞாயிற்றுக்கிழமை செம்பவாங் வெந்நீர் ஊற்றுப் பூங்காவுக்குப் போனோம். சிங்கப்பூரில் இப்படி ஒன்று இருப்பது என் வகுப்பில் பாதிப்பேருக்குத் தெரியாது. அங்கே நீர் ஏறக்குறைய 70 டிகிரியில் வெளிவருகிறது, முட்டை வேகவைக்கலாம். படிப்படியாக ஆறவிட்ட நீரில் கால் வைக்கலாம். ஆக்கிரமிப்புக் காலத்தில் ஜப்பானியர்கள் இதே இடத்தில் குளியல் தொட்டிகள் கட்டியிருக்கிறார்கள். எங்கள் பாட்டி அந்தக் காலத்தைப் பற்றிச் சொன்ன கதைகளில் பசி மட்டும்தான் இருக்கும், வெந்நீர் இருந்ததில்லை. அம்மா காலை நனைத்துக்கொண்டு பேசாமல் உட்கார்ந்திருந்தார். பிறகு, “முட்டிக்கு நல்லா இருக்கு” என்றார்.

முழங்காலுக்கு நல்லது, இரத்த அழுத்தத்துக்கு எப்படி? அம்மா அதற்கு மாத்திரை சாப்பிடுகிறார். குளிரில் உடை மாற்றும்போது இரத்தக் குழாய்கள் சுருங்கி அழுத்தம் ஏறும். சூடான நீரில் இறங்கியதும் அவை விரிந்து அழுத்தம் இறங்கும். சட்டென்று எழுந்தால் தலைசுற்றும். ஜப்பானில் குளிர்காலத்தில் முதியவர்கள் குளியலறையில் மயங்கி விழுவது அந்நாட்டவர் நன்கு அறிந்த ஆபத்து. பலதுறை மருந்தகத்தில் வழக்கமான பரிசோதனைக்குப் போனபோது மருத்துவரிடமே கேட்டோம். போகலாம், ஆனால் பத்து நிமிடத்துக்கு மேல் வேண்டாம், முதலில் கை கால்களில் நீரை ஊற்றிப் பழக்கிக்கொள்ளவேண்டும், சாப்பிட்டவுடன் இறங்கக்கூடாது, மெதுவாக எழவேண்டும் என்றார். வீட்டில் பெரியவர்களை அழைத்துப்போகும் எண்ணம் இருந்தால் நீங்களும் இதை முதலில் கேட்டுவிடுங்கள். விமானச் சீட்டு அப்புறம்.

சாப்பாடு அடுத்த தலைவலி. அம்மா மாட்டிறைச்சி சாப்பிடமாட்டார், வெள்ளிக்கிழமை சுத்த சைவம். ஜப்பானில் காய்கறி மட்டுமே தெரியும் சூப்பிலும் ‘தாஷி’ என்ற சாறு இருக்கும். பெரும்பாலும் அது உலர்த்திய சூரை மீனில் எடுத்தது, நம் மாசிக் கருவாட்டின் உறவுக்காரன். கடையில் கிடைக்கும் ஜப்பானியக் கறிக் கட்டிகள் பலவற்றில் மாட்டுக் கொழுப்பு உண்டு. அதனால் ஞாயிறு போய் வெள்ளி திரும்புவதாகத் திட்டமிட்டேன். வெள்ளிக்கிழமை விமானத்தில் சைவ உணவு சொல்லியாயிற்று. பாரம்பரிய விடுதியில் இரண்டு வேளைச் சாப்பாட்டுடன் தங்குவது திங்கள் இரவு ஒன்று மட்டும். வார நாள் என்பதால் விலையும் குறைவு. மற்ற நாள்களில் சப்போரோவின் சொந்தக் கண்டுபிடிப்பான சூப் கறி இருக்கிறது. நீர்த்த குழம்பில் கோழியும் பெரிய காய்த்துண்டுகளும். இருந்தாலும் அம்மா ஊறுகாய் எடுத்துவைத்துவிட்டார். நார்த்தங்காய் மட்டும்தான். இறைச்சி கலந்த எதையும் ஜப்பானுக்குள் கொண்டுபோகக்கூடாது என்பதால் அவருடைய கோழிச் சம்பல் வீட்டிலேயே தங்குகிறது.

ஆடைகளில் பாதி இரவல். பருத்தி வியர்வையை உறிஞ்சி ஈரமாகவே இருக்கும் என்பதால் உள்ளே அது வேண்டாம். காசு செலவழிக்கவேண்டியது காலணிக்கு. பனியைவிட, மிதிபட்டு இறுகிய பனிக்கட்டிதான் ஆளை விழவைக்கும். சப்போரோவில் தெருமுனைப் பெட்டிகளில் மணல் வைத்திருக்கிறார்கள், வழுக்கும் இடத்தில் யார் வேண்டுமானாலும் எடுத்துத் தூவலாம். ரயில் நிலையத்திலிருந்து ஒடோரி வரை நிலத்தடி நடைபாதையும் உண்டு. அம்மாவின் முழங்காலுக்காக அதன் நுழைவாயில்களுக்கு அருகிலேயே ஹோட்டல் பார்த்தேன்.

பழைய காணொளிகளை நம்பி நாடு தழுவிய ரயில் அட்டை வாங்கிவிடாதீர்கள். ஏழு நாள் அட்டை 2023 அக்டோபரில் 29,650 யென்னிலிருந்து 50,000 யென்னுக்கு ஏறியது. சப்போரோவைச் சுற்றியே இருக்கும் எங்களுக்கு அது தேவையே இல்லை. காப்புறுதியில் மட்டும் நான் கஞ்சத்தனம் செய்யவில்லை. 2022 பிப்ரவரியில் பெருமளவு பனி கொட்டி சப்போரோவில் ரயில்கள் நாள்கணக்கில் நின்றன. அதனால் கடைசி நாளுக்கு எந்தத் திட்டமும் வைக்கவில்லை.

மொத்தம் 3,700 வெள்ளி. பாதிக்கு மேல் விமானச் சீட்டு. அம்மா ஒரு நிபந்தனை போட்டிருக்கிறார்: உணவகத்து அக்காமார்களோடு பிடிக்கும் கூட்டுப் பணம் மார்ச்சில் கைக்கு வந்ததும் பாதியைத் திருப்பித் தருவாராம். வேண்டாம் என்றால் வரமாட்டாராம். சரி என்றேன். மார்ச்சில் பார்த்துக்கொள்ளலாம்.

நேற்று விடுதியிலிருந்து மின்னஞ்சல் வந்தது. மாட்டிறைச்சிக்குப் பதில் மீன் தருவார்கள். தனிக் குளியலறை இரவு 8 மணிக்கு, 50 நிமிடம். படித்துக் காட்டினேன். அம்மா மருத்துவர் சொன்னதை நினைத்துக்கொண்டு கேட்டார்: “பத்து நிமிஷம் போக, மிச்ச நாப்பது நிமிஷத்துக்குக் காசைத் திருப்பித் தருவாங்களா?”