மன்றம் பேசிற்று, டில்லி கேட்டதா?

வேலை முடித்து வீடு திரும்பும் தொழிலாளி மீது, சொந்த நாட்டுப் படையே சுடும் என்று எவரேனும் எண்ணுவரா, தோழர்களே? நாகாலாந்தின் மோன் மாவட்டத்திலே, ஓட்டிங் என்னும் மலைச் சிற்றூரின் தாய்மாரும் எண்ணவில்லை.

2021 டிசம்பர் 4. நிலக்கரி வெட்டிக் களைத்த எட்டுப் பேர் ஒரு வண்டியிலே ஊர் திரும்பினர். பதுங்கியிருந்த இராணுவச் சிறப்புப் படை சுட்டது. ஆறு பேர் மாண்டனர். தேடி வந்த ஊரார் கொதித்தெழுந்தனர், மோதல் மூண்டது, மேலும் ஏழு பேர் பிணமாயினர், படைவீரர் ஒருவரும் மாண்டார். மறுநாள் மோன் நகரிலே இன்னொருவர் பலி. ஊர்மக்களில் மட்டும் பதினான்கு உயிர்கள்!

ஆளை மாற்றிக் கருதிவிட்டனர் என்று நாடாளுமன்றத்திலே விளக்கமளித்தார் உள்துறை அமைச்சர் அமித் ஷா. ஆள் மாறிற்று, சரி, சட்டம் மாறிற்றா?

அந்தச் சட்டத்தின் பெயர் ஆயுதப்படைச் சிறப்பு அதிகாரச் சட்டம். பிறந்த ஆண்டு 1958. அதற்கு முன்னோடி, 'வெள்ளையனே வெளியேறு' கிளர்ச்சியை நசுக்க 1942 இல் வெள்ளையன் பிறப்பித்த அவசரச் சட்டம். வெள்ளையன் போனான், அவன் விட்டுச் சென்ற சாட்டை போகவில்லை! அதன் 4 ஆம் பிரிவு, உயிர் போகும் அளவுக்குச் சுட அதிகாரம் தருகிறது. 6 ஆம் பிரிவோ, மத்திய அரசின் அனுமதியின்றிச் சுட்டவர் மீது வழக்குத் தொடரவே முடியாது என்கிறது.

2021 டிசம்பர் 20. நாகாலாந்து சட்டமன்றம் கூடிற்று. ஒருமனதாகத் தீர்மானம் நிறைவேற்றிற்று: சட்டத்தை நீக்குக, மன்னிப்புக் கேட்க, நீதி வழங்குக! பத்தே நாளில் வந்தது டில்லியின் பதில். டிசம்பர் 30 அன்று, அதே சட்டம் மேலும் ஆறு மாதம் நீட்டிக்கப்பட்டது! 2022 ஏப்ரலில் சில பகுதிகளுக்கு மட்டும் விலக்குத் தந்தார்கள்.

"ஆயுதக் குழுக்கள் இருக்கும்வரை படை வேண்டாமா?" என்பர் சிலர். நியாயமான கேள்விதான். ஆனால் நாகர்களின் பெரிய ஆயுதக் குழுவுடன் 1997 முதல் போர்நிறுத்தம் இருக்கிறதே! படையே வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. கேள்விக்கு அப்பாற்பட்ட படை வேண்டாம் என்கிறோம். நீதிபதி ஜீவன் ரெட்டி தலைமையிலான குழுவே, சட்டத்தை நீக்குமாறு 2005 இல் பரிந்துரைத்ததே!

அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது, 1861 இல், கூட்டரசுப் படை தம் மண்ணிலே முகாமிட்டதை மேரிலாந்து சட்டமன்றம் கண்டித்தது. சில திங்களில் உறுப்பினர் பலர் சிறைப்பட்டனர். அந்த மன்றத்திலே அடிமை முறைக்கு ஆதரவானோர் இருந்தனர். அவர்கள் பக்கம் நாம் இல்லை. நாகர் கேட்பதோ, பிறரை அடிமை கொள்ளும் உரிமையல்ல. உயிரோடு வீடு திரும்பும் உரிமை!

பொது ஒழுங்கு மாநிலத்தின் பொறுப்பு என்கிறது அரசியல் சட்டம். ஆனால் 1976 இல், நெருக்கடி நிலைக் காலத்திலே, மாநிலத்துக்குள் மத்தியப் படையை நிறுத்தும் அதிகாரத்தை மத்தியப் பட்டியலில் தெளிவாக எழுதிக்கொண்டனர். அதன் விளைவு என்ன? பிணத்தை எடுப்பது மாநிலம். பதில் சொல்லாதிருப்பது மத்தி!

நாகாலாந்தின் புலனாய்வுக் குழு 2022 இல் 30 படையினர் மீது குற்றப்பத்திரிகை தாக்கல் செய்தது. 2023 இல் மத்திய அரசு அனுமதி மறுத்தது. 2024 செப்டம்பரில் உச்சநீதிமன்றம் வழக்கை முடித்தது. அனுமதி கிடைத்தால் தொடரலாம் என்றது. பூட்டும் டில்லியிடம், சாவியும் டில்லியிடம்!

ஜவ்வாது மலைத் தோழர்களே, இது தூரத்துச் சேதியா? 2015 ஏப்ரல் 7 அன்று சேஷாசலக் காட்டிலே ஆந்திரக் காவல்படை சுட்டு வீழ்த்திய தமிழ்த் தொழிலாளர் 20 பேரிலே, உங்கள் மலையின் மைந்தரும் இருந்தனரே! அங்கே இந்தச் சட்டம் இல்லை. ஆனாலும் நீதிக்காக அலைந்தது உங்கள் குடும்பங்கள். சட்டமே கேடயமாக நின்றால் ஓட்டிங் தாய்மார் எங்கே போவர்?

ஆகவே கேட்கிறோம்: 6 ஆம் பிரிவு ஒழிய வேண்டும். மாநில மன்றத்தின் இசைவின்றி எந்த மண்ணையும் கலவரப் பகுதி என அறிவிக்கலாகாது. மக்கள் வாக்களித்து அமைத்த மன்றத்தின் குரல் டில்லியின் குப்பைக் கூடைக்குப் போகுமானால், நாளை நம் மன்றத்தின் குரலுக்கும் அதே கதிதான். கிளைதோறும் இதைப் பேசுங்கள்!